இந்த ட்யூன் யாரோடது பாஸ்?

ராத்திரி ஒன்றரை மணி. காலையில் ஹீட் டிரான்ஸ்ஃபர் செமஸ்டர் பரீட்சை. அஞ்சு யூனிட்ல ரெண்டுதான் முடிச்சிருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஒரு இன்ஜினீயரிங் மாணவன் என்ன செய்வான்? படிப்பைத் தவிர மத்த எல்லாத்தையும் செய்வான். நானும் செஞ்சேன். அலமாரியை அடுக்கினேன், நகம் வெட்டினேன், கடைசியா ரூம் ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன்.

அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வரலாறு உண்டு. எங்க ரூம்ல யார் கடைசி வருஷம் முடிச்சுட்டுக் கிளம்பினாலும் பெட்டி, படுக்கை, பக்கெட் எல்லாம் எடுத்துட்டுப் போகலாம். டிஸ்க்கை மட்டும் எடுக்கக் கூடாது. அது ரூமோட சொத்து! ஏழெட்டு பேட்ச் கைமாறி என்கிட்ட வந்திருக்கு. உள்ளே பழைய படங்கள், 'கேட்' நோட்ஸ், யாரோ ஒரு அண்ணாவோட தங்கச்சி கல்யாண போட்டோ... இதுக்கெல்லாம் நடுவுல 'பெர்ன்ஸ்டைன் - கோப்லண்ட்' என்று ஒரு ஃபோல்டர்.

பேரைப் பார்த்து ஏதோ புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங் டெக்ஸ்ட் புக் என்றுதான் நினைச்சேன். திறந்தா பாட்டு. 'சரி, ஒண்ணு கேட்டுட்டு அழிச்சுடலாம்'னு நடுவுல இருந்த ஒரு ஃபைலைத் தட்டினேன். அதுக்குப் பேர் 'ஹோ-டவுன்'.

ஹெட்போன்ல திடீர்னு டிரம்பெட்டும் பிடிலும் ஒரே நேரத்தில் வெடிச்சுது. அப்புறம் குதிரை நொண்டி நடக்கிற மாதிரி 'டக்... டக்-டக்'. அதுக்கப்புறம் வயலின் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஓட ஆரம்பிச்சுது பாருங்க... மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. முடிஞ்சதும் மறுபடி போட்டேன். மறுபடி. மறுபடி. ஹீட் டிரான்ஸ்ஃபர்ல என்ன மார்க்குனு தயவுசெஞ்சு கேட்காதீங்க.

அந்த ஃபோல்டரை அழிக்கலை. அது என் ஒரு பழைய தப்பைத் தோண்டி எடுத்து முன்னால வைக்கப்போகுதுனு அப்போ தெரியாது.

புரூக்ளின் பையனின் கிராமத்து இசை

ஆர்கெஸ்ட்ரானு சொன்னதும் கல்யாண மண்டபத்து மேடை ஞாபகம் வந்தா அது உங்க தப்பில்லை. நம்ம ஊர்ல அதுக்கு அதுதான் அர்த்தம். இது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழு வாசிக்க, லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தினது. 1959-லிருந்து 1961 வரைக்கும் பதிவான இசைத்தட்டுகள் பிறகு ஒரே சி.டி.யா வந்திருக்கு. எங்க ஹார்ட் டிஸ்க்ல இருந்தது அந்த சி.டி.யோட காப்பி. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு இசை அமைச்சாரே, அதே பெர்ன்ஸ்டைன்தான்.

இசையை எழுதியவர் ஆரன் கோப்லண்ட். 1900-ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அப்பா, அம்மா லித்துவேனியப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவங்க. புரூக்ளின்ல கடை வெச்சிருந்தாங்க. இருபது வயசில் பையன் பாரிஸுக்குக் கிளம்பி, நாடியா பூலாஞ்சே என்ற டீச்சர்கிட்ட இசை படிச்சார். இந்தப் பயோடேட்டாவில் எங்கேயாவது குதிரை இருக்கா? மாட்டுத் தொழுவம் இருக்கா? கிடையாது. சுத்தமான நகரத்துப் பையன்.

ஆனா, அமெரிக்கப் புல்வெளி, கௌபாய், பண்ணை வீடு என்றால் இன்னிக்கு அமெரிக்கர்கள் மனசுல ஓடுற இசை இவர் போட்டதுதான். 1938-ல் 'பில்லி த கிட்'. அதில் கௌபாய்கள் மாடு ஓட்டும்போது பாடின பாட்டுகள். 1942-ல் 'ரோடியோ'. அதில் பிடில் மெட்டுகளும் ரயில் பாதை வேலைப் பாட்டும். 1944-ல் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. மூணுமே பாலே நடனத்துக்காக எழுதினவை. 'பில்லி த கிட்'டின் ஒரு பகுதியை அவர் எழுதினது பாரிஸில் உட்கார்ந்து! முன்னால இருந்தது கௌபாய் பாட்டுப் புத்தகங்கள். அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' கதை. மார்த்தா கிரஹாம் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞருக்காக எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் அவர் வெச்சிருந்த பேர் 'மார்த்தாவுக்கான பாலே', அவ்வளவுதான். ஹார்ட் கிரேன் என்ற கவிஞரின் கவிதையிலிருந்து 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' என்ற தலைப்பைக் கடைசியில் எடுத்துக் கொடுத்தது மார்த்தா. அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க, 'சார், உங்க இசையைக் கேட்டா அப்பலாச்சிய மலையும் வசந்தமும் அப்படியே கண்ணு முன்னாடி வருது'னு ஜனங்க அவரிடம் சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். மனுஷன் எழுதும்போது மலையையும் நினைக்கலை, வசந்தத்தையும் நினைக்கலை!

முதல் அரங்கேற்றம் 1944 அக்டோபர் 30, வாஷிங்டனில் இருக்கிற காங்கிரஸ் நூலகத்து அரங்கத்தில். மேடைக்கு முன்னால இடம் சின்னது. அதனால 13 வாத்தியம்தான். அடுத்த வருஷமே அதுக்குப் புலிட்சர் பரிசு. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தி எழுதினது அப்புறம். அதன் கடைசிப் பகுதியில் 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' என்ற சின்ன மெட்டு வரும். முதலில் ஒரே ஒரு கிளாரினெட் தனியா வாசிக்கும், பக்கத்து ரூம்ல யாரோ தனக்குத் தானே பாடிக்கிற மாதிரி. பிறகு ஒவ்வொரு வாத்தியமா அந்த மெட்டை வாங்கும். ஒருத்தர் மெதுவா, ஒருத்தர் வேகமா. கடைசியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து எழுந்து நிற்கும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும். சத்தியமா!

'இவ்வளவு திறந்தவெளியா எப்படிக் கேட்குது?'னு மெக்கானிக்கல் மூளையோட யோசிச்சுப் பார்த்தேன். அவர் ஸ்வரங்களை நெருக்கி அடுக்குறதில்லை. உயரத்துல ஒண்ணு, ரொம்பக் கீழே ஒண்ணு, நடுவுல காலி. ட்ரஸ் பாலம் பார்த்திருப்பீங்களே? இரும்பு கம்மி, காத்து அதிகம், ஆனா ரயிலே தாங்கும். அந்த மாதிரி.

இவ்வளவு செஞ்சவருக்கு என்ன மரியாதை கிடைச்சது தெரியுமா? 1953 ஜனவரியில் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்ற விழாக் கச்சேரியிலிருந்து இவருடைய 'லிங்கன் போர்ட்ரெய்ட்'டைத் தூக்கிட்டாங்க. காரணம், கம்யூனிஸ்ட் சார்பு உள்ளவர்னு ஒரு எம்.பி. கிளப்பின புகார். மே மாதம் செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழு முன்னால போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் குரல்னு கொண்டாடப்பட்ட இசையை எழுதினவரைப் பார்த்து, 'நீ உண்மையான அமெரிக்கனா?'னு கேட்ட மாதிரி! பதினோரு வருஷம் கழிச்சு, 1964-ல், அதே நாடு அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கத்தையும் கொடுத்தது.

அந்தப் பிடில் தாத்தா

சரி, ஹோ-டவுனுக்கு வருவோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு பாட்டு பிடிச்சுட்டா அதோட பூர்வீகத்தைத் தோண்டாம தூக்கம் வராது. இளையராஜா பாட்டுன்னா அது என்ன ராகம்னு மியூசிக் கிளப் நண்பனை நச்சரிப்பேன். ஹோ-டவுனையும் அப்படித் தோண்டினேன்.

'ரோடியோ' கௌபாய் உடை போட்ட ஒரு பொண்ணைப் பற்றின நடனக் கதை. ஆக்னஸ் டி மில் நடனம் அமைச்சு, அவரே நாயகியா ஆடினார். 1942 அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸில் அரங்கேற்றம். அதன் கடைசிப் பகுதிதான் ஹோ-டவுன். 1972-ல் 'எமர்சன், லேக் அண்ட் பாமர்' ராக் குழு அதை கீபோர்டுல வாசிச்சு ஹிட் ஆக்கினாங்க. 1990-களில் அமெரிக்க டி.வி.யில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கே அதுதான் பின்னணி இசை. எல்லா இடத்திலும் ஒரே பேர்: கோப்லண்ட், கோப்லண்ட், கோப்லண்ட்.

ஆனா அந்த முக்கியமான மெட்டு கோப்லண்டோடது இல்லை பாஸ்!

1937. கென்டக்கி மாநிலம், சேலியர்ஸ்வில் என்ற மலைப்பக்கத்துச் சின்ன ஊர். ஆலன் லோமாக்ஸ் என்பவர் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு பண்ண, மனைவி எலிசபெத்தோட அங்கே வந்தார். அப்போ ஆலனுக்கு 22 வயசு. நம்மளைவிட ரெண்டு வயசுதான் பெரியவர்! அப்போ டேப் கிடையாது. வாசிக்கிற சத்தத்தை நேரா தட்டுல ஊசியால செதுக்குற மெஷின். அதன் முன்னால உட்கார்ந்து வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்ற பிடில்காரர் ஒரு மெட்டை வாசிச்சார். பேர் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்'. அதாவது, நெப்போலியன் பின்வாங்கினது.

அது பழைய மெட்டு. தோத்த படை தலை குனிஞ்சு நடக்கிற மாதிரி, மெதுவான மார்ச்சா வாசிப்பாங்க. பிடிலோட அடித் தந்தியைத் தளர்த்தி, சுருதிப் பெட்டி மாதிரி அடியில ஓட விடுவாங்க. ஸ்டெப் என்ன செஞ்சார்? வேகத்தைக் கூட்டிட்டார். நடந்து போன படையை ஆட விட்டுட்டார். அதே மெட்டு, ஆனா கேட்டா கால் சும்மா இருக்காது.

அந்தப் பதிவைக் காகிதத்தில் இறக்கினவர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அவரே பெரிய இசையமைப்பாளர். திரும்பத் திரும்பத் தட்டைச் சுழலவிட்டு, ஸ்டெப் வில்லை எப்படி இழுத்தார், எந்த ஸ்வரத்தில் அழுத்தினார் என்பது வரைக்கும் குறிச்சார். 1941-ல் லோமாக்ஸ் குடும்பத்தின் பாட்டுப் புத்தகத்தில் அது அச்சாச்சு. அடுத்த வருஷம் அந்தப் புத்தகம் கோப்லண்ட் கையில். அவர் அதை எடுத்து, ஹோ-டவுனின் நடு மெட்டா வெச்சார்.

காங்கிரஸ் நூலகப் பதிவு இன்னிக்கு இன்டர்நெட்லயே கிடைக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலில் பெர்ன்ஸ்டைனின் பெரிய படை. அப்புறம் ஸ்டெப் தாத்தா தனி ஆளா. கரகரன்னு தட்டுச் சத்தம், நடுவுல ஒத்தைப் பிடில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதே வேகம்! அதே திருப்பங்கள்! ஏறக்குறைய ஸ்வரத்துக்கு ஸ்வரம்! நான் 'என்னா மூளைடா கோப்லண்டுக்கு'னு வியந்த இடங்களில் பாதி, ஒரு மலைக்கிராமத்துக்காரரோட மணிக்கட்டில் இருந்து வந்தது.

கோப்லண்ட் திருடிட்டார்னு சொல்ல வரலை. பழைய நாட்டுப்புற மெட்டுக்குச் சட்டப்படி சொந்தக்காரர் கிடையாது. யார் வேணும்னாலும் எடுக்கலாம். அதைச் சுத்தி அவர் கட்டின முன்னோட்டம், அந்தக் குதிரை நடை, கடைசியில வண்டி பிரேக் போட்ட மாதிரி மெதுவாகி நின்னு மறுபடி கிளம்புற இடம்... இதெல்லாம் கோப்லண்டோட கைவேலைதான். நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து எழுதினேன்னு அவர் ஒளிக்காம சொல்லவும் சொன்னார். ஆனா, 'நாட்டுப்புறம்'னு சொன்னா அது ஒரு ஆளோட பேர் இல்லையே? ஸ்டெப் 1957-ல் இறந்துபோனார். அவர் வாசிச்ச விதம் உலகம் பூரா ஒலிச்சுக்கிட்டு இருந்தப்போ, கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இப்படி ஒருத்தர் இருந்தார்னே தெரியாது. எங்க ஹார்ட் டிஸ்க் ஃபோல்டர்லயும் ரெண்டு பேர்தான் இருந்தது. பெர்ன்ஸ்டைன், கோப்லண்ட். மூணாவது பேர் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வயித்தைப் பிசைய ஆரம்பிச்சது.

'ஃபோக் டா... யாரோடதும் இல்ல!'

போன வருஷம் பிப்ரவரி. ஒரு இன்டர்-காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல 'ஃபோக் ஃப்யூஷன்' போட்டி. எங்க கேங்ல அஞ்சு பேர். கிடார், கீபோர்டு, கஹோன், ரெண்டு பாட்டு. எல்லாரும் சினிமாவில் வந்த நாட்டுப்புறப் பாட்டையே பாடுவாங்க, நாம வித்தியாசமா ஏதாவது செய்யணும்னு மண்டையைப் பிய்ச்சப்போ, 'என் போன்ல ஒண்ணு இருக்கு மச்சி'னு நான்தான் சொன்னேன்.

அது எங்க அப்பத்தா பாடின நடவுப் பாட்டு. காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்காங்க. லீவுக்குப் போயிருந்தப்போ சும்மா முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் விளையாட்டா ரெக்கார்டு பண்ணினேன். அந்த மெட்டை எடுத்தோம். கீழே பேஸ் போட்டோம், நடுவுல ஒரு ராப் சொருகினோம். ஆடிட்டோரியம் விசில் பறந்துச்சு. ரெண்டாம் பரிசு, ஆறாயிரம் ரூபாய்! அன்னிக்கு ராத்திரியே பாதி பிரியாணி ஆச்சு. வீடியோவை நெட்ல ஏத்தினோம். கீழே எங்க அஞ்சு பேர் பேர், வீடியோ எடுத்தவன் பேர், எடிட் பண்ணினவன் பேர், கிடார் கடன் கொடுத்தவனுக்கு நன்றி. பாட்டு என்ற இடத்தில் 'டிரெடிஷனல்'.

மேடையிலிருந்து இறங்கினப்போ ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, செம! இது யாரோட பாட்டுண்ணா?"னு கேட்டான்.

"ஃபோக் டா... யாரோடதும் இல்ல"னு சொன்னேன்.

கொஞ்சம்கூட யோசிக்கலை. பொய் சொல்றோம்னுகூடத் தோணலை. அதுதான் இப்போ உறுத்துது. பேரை மறைக்கணும்னு யாரும் உட்கார்ந்து திட்டம் போடுறதில்லை. 'டிரெடிஷனல்'னு ஒரு வார்த்தை ரெடியா இருக்கு, எழுதிட்டுப் போய்டுறோம்.

சேலியர்ஸ்வில்லாவது எனக்குத் தெரியாத ஊர். காளையார்கோவில் பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குக் கிளம்பும்னு எனக்கு நல்லாவே தெரியுமே!

ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப் பொங்கல் மறுநாள், திண்ணையில் அப்பத்தாவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து போன்ல அந்த ஆல்பத்தைப் போட்டேன்.

முதல்ல 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. அந்த மெதுவான ஆரம்பத்தைக் கேட்டுட்டு, "எங்கப்பு கேதம்?"னாங்க. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு ஹோ-டவுனுக்குத் தாவினேன். அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. வெத்தலைப் பெட்டி மேல விரல் தாளம் போட ஆரம்பிச்சுது.

"இது என்னப்பு, மாட்டுவண்டிப் பந்தயமா?"

"குதிரை அப்பத்தா. அமெரிக்கா."

"ம்... நல்லாத்தான் ஓடுது."

அப்புறம் ஸ்டெப் தாத்தாவோட பதிவைப் போட்டேன். கதையையும் சொன்னேன். அந்தக் காலத்து மெஷின், புத்தகம், கோப்லண்ட், விளம்பரம், எல்லாம். அப்பத்தா குறுக்கே பேசாம கேட்டாங்க. கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அந்த மனுசனுக்குக் காசு ஏதும் குடுத்தாகளா?"

அதுக்குப் பதில் சொல்லாம, என் கதையைச் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். ராப் வர்ற இடத்தில் மூஞ்சியைச் சுளிச்சாங்க. முடிஞ்சதும் கொஞ்ச நேரம் அமைதி. திட்டப்போறாங்கன்னு நினைச்சேன்.

"தப்பாப் பாடியிருக்கீகளேடா. அந்த ரெண்டாவது இழுப்பு அப்படி இல்ல"னாங்க.

அதுக்கப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதுசு. அந்தப் பாட்டு அவங்க பெரியாத்தாகிட்ட கத்துக்கிட்டதாம். ஆனா பெரியாத்தா பாடினது இப்படி இல்லையாம், ரொம்ப மெதுவாம். "அப்ப நாள் கூலி. பொழுது சாயுற வரைக்கும் நட்டாப் போதும், இழுத்து இழுத்துப் பாடுவாக. எங்க காலத்துல ஏக்கருக்கு இம்புட்டுன்னு பேசி நட ஆரம்பிச்சாச்சு. வெரசா நட்டாத்தான் அடுத்த வயலுக்குப் போக முடியும். அதான் நான் ஓட்டமாப் பாடுனேன். எல்லாப் பொம்பளைகளும் அதையே புடிச்சுக்கிட்டாக."

எனக்குப் பேச்சே வரலை. ஸ்டெப் ஒரு மார்ச்சை வேகமாக்கி ஆட்டமா மாத்தினார். எங்க அப்பத்தா ஒரு நடவுப் பாட்டை வேகமாக்கி கான்ட்ராக்ட் வேலைக்கு ஏத்தபடி மாத்தினாங்க. நாங்க மேடையில் 'செம டெம்போ'னு விசில் வாங்கினோமே, அந்த டெம்போ எங்களோடது இல்லை. குனிஞ்சு நாத்து நட்ட முதுகுகளோடது. அதை உண்டாக்கினவங்க, ஒரு போன் கால் தூரத்துல வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்க எழுதினது 'டிரெடிஷனல்'.

அப்போ ஒண்ணு புரிஞ்சது. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் இல்லைதான். ஆனா 'ஒருத்தரோடது இல்லை' வேற, 'யாரோடதும் இல்லை' வேற. 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' ஷேக்கர் என்ற சின்ன மதக் குழுவோட நடனப் பாட்டுனுதான் முதல்ல படிச்சேன். இன்னும் கொஞ்சம் தேடினா, 1848-ல் மேய்ன் மாநிலத்தில் ஜோசஃப் பிராக்கெட் என்ற பெரியவர் உண்டாக்கினதுனு வருது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அந்தக் குழுவில் இன்னிக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவங்கதான் மிச்சம். பாட்டு உலகம் பூரா போயிடுச்சு. கோப்லண்ட் எடுத்து எழுதலைன்னா நானும் நீங்களும் அதைக் கேட்டிருக்க மாட்டோம், அதுவும் உண்மை. எடுக்கிறது தப்பில்லை. எடுத்த இடத்தைச் சொல்லலாமே? தெரிஞ்ச வரைக்கும் சொல்லலாமே?

"உன் பேரைப் போட்டுடுறேன் அப்பத்தா"னு சொன்னேன்.

"பேரு இருக்கட்டும். எம்புட்டுக் குடுத்தாக?"

"ஆறாயிரம்."

"எத்தனை பேரு?"

"அஞ்சு."

"என்னையும் சேத்தா ஆறு. ஆளுக்கு ஆயிரம்." கையை நீட்டிட்டாங்க!

கணக்குல நான் வீக், ஆனா இதுல தப்புக் கண்டுபிடிக்க முடியலை. பஸ் சார்ஜுக்கு வெச்சிருந்ததைத் தவிர மீதியைக் கொடுத்தேன். குறைஞ்ச இருநூறை அடுத்த வாரம் அப்பா மூலமா அனுப்பினேன். அப்பத்தா 'ஐயோ வேணாம்பா'னு எல்லாம் சொல்லலை. எண்ணிப் பார்த்து, சுருக்குப் பையில போட்டு, இறுக்கிக் கட்டிக்கிட்டாங்க. சம்பளம் வாங்கின மாதிரி. அப்படித்தானே அது?

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் கேங்கைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். நாலு பேரும் கொஞ்ச நேரம் முழிச்சாங்க. அப்புறம் பேசாம ஆளுக்கு இருநூறு எடுத்து என் கையில் வெச்சாங்க. வீடியோவுக்குக் கீழே 'டிரெடிஷனல்' என்ற வார்த்தையை எடுத்துட்டு, அப்பத்தா பேரையும், அவங்க பெரியாத்தா பேரையும் போட்டோம். பெரியாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யாருனு அப்பத்தாவுக்கே தெரியலை. அந்த இடத்தில் 'அவர்களுக்கு முன் நட்டவர்கள்'னு எழுதினோம்.

இந்தக் கட்டுரையில் ஏன் அப்பத்தா பேர் இல்லைனு நீங்க கேட்கலாம். கேட்கணும்! நானும் கேட்டேன். "பத்திரிகையில எல்லாம் வேணாம்ப்பு, ஊருல கிண்டல் பண்ணுவாளுக. நீ பாடுற எடத்துல சொல்லு, போதும்"னுட்டாங்க. அது அவங்க உரிமை.

நீங்களும் கேட்டுப் பாருங்க. முதல்ல ஹோ-டவுன், உடனே ஸ்டெப் தாத்தாவோட பிடில். அப்புறம் ஒரு ராத்திரி, லைட்டை அணைச்சுட்டு, 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' முழுசா. கிளாரினெட் வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க. பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வேணாம், அனுபவத்தில் சொல்றேன்.

எங்க ரூம் ஹார்ட் டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் பேரை மாத்திட்டேன். இப்போ 'பெர்ன்ஸ்டைன் - கோப்லண்ட் - ஸ்டெப் - பிராக்கெட்' என்று இருக்கும். அடுத்த பேட்ச் தம்பி எவனாவது டெக்ஸ்ட் புக்னு நினைச்சுத் திறப்பான்.

இந்த வருஷக் கல்ச்சுரல்ஸுக்கு அப்பத்தாவோட இன்னொரு பாட்டைக் கேட்டிருக்கேன். தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு கண்டிஷன்தான்: ராப் கூடாதாம்!